கரண்ட் போகாத மழைக்காலம்

நாங்கள் டேட்டாபேஸ் செய்கிறவர்கள். ஊரார் தகவலையெல்லாம் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோது திருப்பிக் கொடுக்கும் மென்பொருள். அலுவலகம் பெருங்களத்தூரில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடி. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் புதிதாக ஒரு வசதி வந்தால் ஊரே குதிக்கும், எங்கள் டீம் லீட் மட்டும் அசைய மாட்டார். "முதல்ல வேற எவனாவது அடி வாங்கட்டும் சார்" என்பார். அவர் வீடு பொழிச்சலூரில். மொட்டை மாடிக்கு மேலே நாள் முழுக்க விமானம் பறக்கிறது. மனிதர் இன்னும் ஒன்றிலும் ஏறியதில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்கிறார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் புது வசதி ஒன்றைக் கொண்டுபோனேன். டிஸ்கில் எழுத வேண்டியதை ஒவ்வொன்றாகக் கொடுத்துக் காத்திராமல், மொத்தமாகக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். எங்கள் டேட்டாபேஸ் பறக்கும். அதை எங்கள் மென்பொருளோடு இணைக்க ஒரு வருஷமாக மாடாய் உழைத்திருந்தேன்.

"நடுவுல கரண்ட் போனா, எழுதக் குடுத்ததெல்லாம் என்ன ஆகும்?" என்றார் லீட்.

அலுவலகத்தில் ஜெனரேட்டர் உண்டு, கரண்ட் போவதே தெரியாது. அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம்: புதிதாக எது வந்தாலும், கரண்ட் போனால் தாங்குகிறதா என்று பார்க்க, அதை ஏற்றிய கம்ப்யூட்டர் பீர்க்கன்கரணையில் என் வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் தூறல் போட்டாலே கரண்ட் போகும். நானே பிளக்கைப் பிடுங்கட்டுமா என்று கேட்டதற்கு, "அது நாடகம் சார். நிஜ கரண்ட் மங்கும், துடிக்கும், போற மாதிரி போய்ட்டு வரும்" என்று சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் ஹாலில் குடியேறியது. என் மனைவி பள்ளி ஆசிரியை. "இந்த மழைக்காவது இன்வெர்ட்டர் வாங்கலாமாங்க?" என்றாள். கரண்ட் ஒரு தடவை போகட்டும், வாங்கிவிடலாம் என்றேன்.

அந்த வருஷம் பார்த்து தெருமுனையில் புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டார்கள். மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது, ஏரி தளும்பியது, தெருவில் முழங்காலளவு தண்ணீர். பல்பு மட்டும் சிரித்துக்கொண்டே எரிந்தது. தெருவே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வெளியீட்டில் சேர்ப்பதற்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தவறினால் என் ஒரு வருஷ உழைப்பு அப்படியே பரணுக்குப் போய்விடும். நினைத்தால் அழுகையே வந்தது.

கெடுவுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கிரிக்கெட் மேட்ச். கடைசி ஓவரில் விளக்கு மங்கியது, துடித்தது, வந்தது, போயே போனது. தெரு முழுக்க "ஐயோ!" என்ற சத்தம். நான் பால்கனியில் குதித்துக் குதித்துக் கைதட்டினேன்.

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "இன்னா சார், ஊரே பேஜாராகி நிக்குது, நீ கைதட்டிகினு கீற?"

கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ச் சரிபார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை!

மறுநாள் லீட் எல்லாவற்றையும் பார்த்தார். "பிரமாதம் சார். சேர்த்துடலாம்" என்றார். என் கால் தரையில் இல்லை. "ஆனா ஆஃப்ல வச்சு அனுப்புங்க. வேணுங்கிறவங்க ஆன் பண்ணிக்கட்டும்."

"யாரு சார் தேடிப்போய் ஆன் பண்ணுவாங்க?"

"யாரும் பண்ண மாட்டாங்க. அதான் சேஃப்டி."

கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஹாலில் கம்ப்யூட்டர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் புத்தம்புது இன்வெர்ட்டர் உட்கார்ந்திருந்தது. "கரண்ட்தான் போயிடுச்சே, தாம்பரத்துல போய் வாங்கிட்டேன். புது மாடல். போன்லயே கண்ட்ரோல் பண்ணலாம்" என்றாள் மனைவி.

"புது மாடலா? முதல்ல வேற யாராவது வாங்கி என்ன ஆகுதுன்னு பார்த்திருக்கலாமே. இப்போதைக்கு ஆஃப்லயே இருக்கட்டும்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டாள்.