காலி வண்டி, லோடு வண்டி

சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரியைச் சர்க்கரை மீட்டரின் முதுகில் நான் பொருத்த, அப்பா மூடியை நகத்தால் அழுத்தி மூடினார். திரை விழித்தது. தேதியும் நேரமும் அழிந்திருந்தன.

“நேரத்தைச் சரியா வை, இன்ஜினியரம்மா. நேரம் தப்புன்னா சீட்டு செல்லாது.”

வைத்தேன். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசை. புதன்கிழமை அவர் இல்லை.

தினமும் ஆறு மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவுவார். கையைத் தொங்கவிட்டு மூன்று முறை உதறுவார். விரல் நுனியின் ஓரத்தில்தான் ஊசி. “நடுவுல குத்திக்கிட்டா அப்புறம் எப்படி பட்டன் அமுக்குறது?” திங்கள் சுண்டுவிரல், செவ்வாய் மோதிர விரல் என்று முறை வைத்திருந்தார். ஆள்காட்டி விரலுக்கு நிரந்தர விடுமுறை. அது சம்பாதிக்கிற விரல்.

முப்பத்தோரு வருடம் லாரி எடைமேடையில் வேலை. காலி வண்டியை நிறுப்பார். சரக்கு ஏற்றி வந்ததும் மறுபடி நிறுப்பார். கழித்துச் சீட்டுக் கொடுப்பார். வீட்டிலும் அதே பேச்சு. வெறும் வயிற்றுச் சர்க்கரை காலி வண்டி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது லோடு வண்டி. “வீட்டுக்குள்ள லாரி ஓட்டுறது போதும், வந்து சாப்பிடுங்க,” என்பாள் அம்மா. “லோடு ஏத்தக் கூப்பிடுறா,” என்று எழுந்து போவார்.

வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. டாக்டரம்மா அவருடைய நோட்டைப் புரட்டினார், புருவம் ஏறியது.

“நாப்பத்திரெண்டா? இவ்வளவு கம்மின்னா மயங்கி விழுந்திருப்பீங்களே ஐயா!”

“அது சரக்கு மட்டும், டாக்டரம்மா. காலி வண்டியைக் கழிச்சாச்சு.”

அவருக்கு விளங்கவில்லை. எனக்கே அப்போதுதான் பிடிபட்டது, விளக்கினேன். இரண்டு அளவுகளையும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிச்சத்தை மட்டும் ஐந்து மாதமாக எழுதியிருக்கிறார். டாக்டரம்மா மீட்டரை வாங்கி அதில் பதிவாகியிருந்த அளவுகளைப் பார்த்தார். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினொன்று. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. இருநூற்று இருபத்து நான்கு.

“ஐயா, காலி வண்டியே ஓவர்லோடா நிக்குது.”

அப்பாவின் தொழிலில் காலி வண்டியின் எடை கழித்துவிட வேண்டியது, கவலைப்பட வேண்டியதல்ல. அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் பிழைப்பு. அந்த நோட்டு வாராவாரம் என் கண்ணில் பட்டது. அது எதைக் கழித்த எண் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆறு வாரம் பார்க்கலாம், சர்க்கரை இறங்கிப் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டரம்மா. மருந்தை மாற்றினார்.

“வரும்போது பத்து விரலோட வந்தேன்,” என்றார் அப்பா. “போகும்போதும் பத்துதான்.”

மறுநாள் நோட்டில் மூன்று கட்டம் போட்டார்: காலி, லோடு, சரக்கு. எதையும் கழித்துவிட்டு மறைக்க முடியாது. உருளைக்கிழங்கை மூன்று நாள் சோதித்தார். சரக்கு தொண்ணூற்று நான்கு. “இனிமே இந்தச் சரக்கு நம்ம வண்டில ஏறாது.” சோற்றைக் கிண்ணத்தால் அளந்தார். தலைதட்டித்தான் போட வேண்டும். அம்மா அன்பாகக் குவித்துப் போட்டால், “மேடையில கை வெச்சு அமுக்காதே,” என்று திருப்பித் தள்ளுவார். முதல் இரண்டு வாரம் காலி வண்டி அசையவே இல்லை. திட்டினார், சிவப்பு மையில் வட்டம் போட்டார், மறுநாள் ஆறு மணிக்குக் கை கழுவினார். நாலாம் வாரம் நூற்று நாற்பத்தாறு. ஆறாம் வாரம் நூற்றுப் பதினெட்டு. புண் மூடிவிட்டது.

“எண்ணிப் பாத்துச் சொல்லுங்க,” என்று இரண்டு பாதங்களையும் நீட்டினார். டாக்டரம்மா ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினார்.

அடுத்த மாதமே போனார், சொன்னபடி பத்தோடு. நின்றது இதயம். எங்கள் மீட்டர் அதை அளக்காது.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு ஒரு லாரி டிரைவர் மேடையிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினாராம். அப்பா வந்து அம்மாவிடம் சொன்னார். ஆட்களின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. வண்டி எண்தான் தெரியும்.

“செருப்பைக் கழட்டுன்னேன். ‘சின்னக் கொப்புளம்ணே, விடுங்க’ன்னான். என்னோடதும் சின்னதாத்தாண்டா இருந்துச்சுன்னேன். சுகர் பாத்தியான்னா, ‘நமக்கெல்லாம் அது வராதுண்ணே’ங்கறான். பின்னால பத்து வண்டி ஹாரன் அடிக்குது. அடிக்கட்டும்னு விட்டுட்டேன். கழட்டிக் காட்டின பிறகுதான் சீட்டு.”

அந்த டிரைவர் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வருவார். அடுத்த லோடு சனிக்கிழமை.

வியாழக்கிழமை, வந்தவர்கள் போன பிறகு, அப்பா வேலைக்கு எடுத்துப்போவதை மாட்டிவைக்கும் வாசல் கதவின் கொக்கியில் ஒரு துணிப்பை தொங்குவதைப் பார்த்தேன். உள்ளே பிரிக்காத புது மீட்டர், ஒரு டப்பா சோதனை ஸ்ட்ரிப், பஞ்சு. மேலே குத்தியிருந்த சீட்டில் அப்பாவின் கையெழுத்து: 4417. அதன் கீழே, அடிக்கோடிட்டு: இடது கால்.