குணமாகும் முன்பே ஒரு சாட்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபையில், ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் எஸ்தர் அக்கா எழுந்ததும், எங்கள் பாஸ்டர் திகைத்துப் போனார்.

காரணம் உண்டு. நல்லூரில் நான் போகும் சபையில் வேலை கிடைத்தவர், விசா கிடைத்தவர், மாப்பிள்ளை கிடைத்தவர்தான் சாட்சி சொல்வார்கள். எல்லாமே அயர்ன் பண்ணி பாக்கெட்டில் போட்ட பனியன் மாதிரி இருக்கும்... ஒரு சுருக்கம் இருக்காது.

எஸ்தர் அக்காவுக்கு என்ன கிடைத்தது? தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். கணவர் தங்கராஜ் அண்ணன் துணி ரோலைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து, முதுகில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். மறுபடி நடப்பாரா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

"ஏனுங்கக்கா, அண்ணனுக்குக் குணமானதுக்கு அப்புறம் சொல்லலாமுங்களே?" என்றார் பாஸ்டர், பதமாக.

"அப்பம் டாக்டருக்கும்ல நன்றி சொல்லணும் பாஸ்டர்? இப்பம்னா ஆண்டவருக்கு மட்டும் சொல்லிட்டு உக்காந்துருவேன்."

சபையே சிரித்தது. மைக் அக்கா கைக்குப் போனது.

"மொத வாரம் ஆண்டவர்கூட எனக்குப் பேச்சுவார்த்தையே இல்ல. அவ்வளவு கோவம். அப்புறம் வேற யாருகிட்ட போயி அழ? அவருகிட்டயே சண்டை போட்டேன். சண்டை போட்டுப் போட்டே ரொம்ப நெருங்கிட்டோம்."

மைக்கைக் கை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

"முந்தியெல்லாம் நான் ஜெபத்துக்கு முழங்கால் போட்டா, எங்க வீட்டுக்காரவிய சட்டையை மாட்டிட்டு டீக்கடைக்குப் போயிருவாவ. இப்பம் எங்க போவ? படுத்தபடியே முழுசும் கேட்டுத்தான் ஆவணும். முந்தாநாள் அலுப்புல கண்ணசந்துட்டேன். 'ஏட்டி, இன்னைக்கு ஜெபம் பண்ணலியா'ன்னு அவியளே எழுப்புதாவ!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நன்றாக இருக்கும்போது கடவுளிடம் நாம் என்ன பேசுகிறோம்? தேவைகளை ஒப்பித்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். அடிபட்ட பிறகுதான் உட்கார்ந்து பேசவே ஆரம்பிக்கிறோம்... தங்கராஜ் அண்ணன் படுத்துக்கொண்டு ஆரம்பித்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

முடிக்கும்போது அக்கா சொன்னார்: "அவிய எந்திரிச்சு நடக்கணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க. நடந்ததும் திரும்ப டீக்கடைக்கு ஓடிரக் கூடாதுன்னும் சேத்துப் பண்ணிக்கிடுங்க."

பண்ணினோம். போன ஞாயிறு தங்கராஜ் அண்ணன் கைத்தடி ஊன்றி, மெதுவாக நடந்து சபைக்கு வந்தார்! பாதிப் பேர் அழுதார்கள். நானும்தான்.

அண்ணன் உட்கார்ந்தது, ஆண்கள் பக்கம் வாசலை ஒட்டிய நாற்காலியில். எதிரே டீக்கடை. பிரசங்கம் நீண்டபோது அவர் பார்வை ஒருமுறை வாசலுக்குப் போனது. நான் பதறிப்போய் அவருடைய கைத்தடியைத் தேடினேன்.

அது பெண்கள் பக்கத்தில், எஸ்தர் அக்காவின் மடியில் இருந்தது.

விசுவாசம் மலையளவு இருக்கட்டும்... அதற்காகக் கைத்தடியை அவரிடமே விட்டுவைக்க முடியுமா?