சுபைறாவின் வீட்டில் காலிதீன் கட்டிய தூண்கள்

காலிதீன் சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்தபோது ஒரு சூட்கேசும், சாரத்தில் சுற்றிய ஒரு வால்வு றேடியோவும் கொண்டுவந்தார். சூட்கேசை மைத்துனன் வாங்கிக்கொண்டான். றேடியோவை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. கூட வந்த பெரியவர்கள் அதைக் கவனித்தார்கள். சோறு ஆறிவிடும் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், அவள் தன் மூத்த மகளுக்குக் கொடுப்பாள். கொடுத்த பிறகு பெற்றவர்கள் வளவின் பின்பக்கம் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஆண்கள் வந்து இருப்பார்கள், உழைத்துப் போடுவார்கள், ஓடு மாற்றுவார்கள். வீட்டைத் தங்களுடையது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். இது காலிதீனுக்கு நன்றாகத் தெரியும். அவருடைய உம்மாவின் வீடும் மூத்த மகளான ராத்தாவுக்குத்தான் போயிருந்தது. இருந்தும், பின்னால் மனைவியின் வீட்டுக்குள் தூண் கட்டும்போது அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

அவருக்குத் தபால் கந்தோரில் தந்தி அடிக்கும் வேலை. பகல் முழுவதும் மற்றவர்களின் மரணமும் பிரசவமும் டொக்கு டொக்கென்று காதுக்குள் போகும். மாலையில் வந்து குளித்து, தொழுது, பாட்டுக் கேட்பார். மற்றவர்கள் பாட்டைக் கேட்டார்கள். அவர் பாட்டுக்குப் பின்னால் நிற்கும் தபேலாவின் தோலைக் கேட்டார்.

எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கின. ஊரெல்லாம் கசெட் செட் மின்னியது. பழைய வால்வு றேடியோக்களை ஆட்கள் கோழிக்கூட்டின் மேல் வைத்தார்கள். காலிதீன் வீடு வீடாகப் போய்க் கேட்டு வாங்கி வந்தார். உள்ளே இருந்த வால்வுகளைக் கழற்றி, பழந்துணியில் துடைத்து, முட்டை அடுக்குவதுபோல் அடுக்கினார். பிஸ்கட் தகரத்தை வெட்டி அதில் இரண்டு பெட்டி செய்தார். சின்னப் பெட்டி, இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை வாங்கிக் கொஞ்சம் நிமிர்த்திவிடும். அதற்குப் பெயர் பிரீ-அம்பிளிபயர். பெரிய பெட்டி அதை வாங்கி ஸ்பீக்கரைத் தள்ளும் அளவுக்குப் பெலன் கொடுக்கும். சுவிச்சைப் போட்டால் உடனே பாடாது. வால்வுகள் சிவந்து சூடேறும்வரை காத்திருக்க வேண்டும்.

"சோத்தை அடுப்பில வெச்சிட்டுத்தான் இதுக்கும் சுவிச்சுப் போடணும்போல. ரெண்டும் ஒண்டாத்தான் வேகுது" என்றாள் மனைவி சுபைறா.

ஒருநாள் அணைத்த பெட்டிதானே என்று உள்ளே விரலை விட்டார். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கி நிற்கும். அவர் பின்னால் விழுந்தார். சுபைறா முதலில் பிளக்கைக் கழற்றினாள், பிறகு அவர் மூச்சைப் பார்த்தாள், பிறகு எரிந்த விரலைத் தண்ணீருக்குள் பிடித்தாள், அதற்குப் பிறகுதான் ஏசினாள். இந்த ஒழுங்கு சரியானது. பலர் ஏச்சில் தொடங்குவார்கள்.

பெட்டி சரியாகிவிட்டது, ஸ்பீக்கர்தான் சரியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பலகைப் பெட்டிக்குள் வைத்தால் பாட்டோடு சேர்ந்து பலகையும் பாடுகிறது. ஆடாத ஒன்று வேண்டும். எழுபத்தெட்டுத் தொடக்கத்தில் பாண்டிருப்பிலிருந்து மேசன் குணத்தைக் கூப்பிட்டு, முன் ஹோலின் சுவரோடு சேர்த்து, கூரை முட்ட, செங்கல்லில் இரண்டு தூண் கட்டச் சொன்னார். இரட்டைச் சுவர், நடுவில் மண், முகப்பில் ஸ்பீக்கருக்கு ஓட்டை.

"கடல் மண்ணு போடாதீங்க காக்கா, உப்பு இழுக்கும்" என்றான் குணம். காலிதீனை அவன் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவான். "இதுக்குள்ள ஆர அடக்கப் போறீங்க?"

"பாட்டு, குணம்."

"சரிதான். சத்தம் போடாமக் கிடந்தாச் சரி."

ஆற்று மண் வந்தது. தூண் எழுந்தது. சுபைறா வாசலில் நின்று பார்த்தாள். "ஸ்பீக்கரக் கழட்டிக் கொண்டுபோகலாம். தூணக் கழட்டேலுமா?" என்று கேட்டாள். அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருசம் நவம்பரில் சூறாவளி அடித்தது. தென்னைகள் படுத்தன, ஓடுகள் பறந்தன. குடும்பம் பெரிய மேசைக்குக் கீழே இருந்தது. சுபைறா சின்ன மகளை மடியில் வைத்திருந்தாள். காலிதீன் அம்பிளிபயரைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"மூத்தவள ஆரு புடிக்கிற?" என்று அவள் கேட்டாள். அவர் அம்பிளிபயரை இடப்பக்கம் தள்ளிவிட்டு மூத்த மகள் றபீக்காவை வலக்கையால் அணைத்துக்கொண்டார்.

காற்று போன பிறகு எல்லா வீட்டிலும் செய்ததுபோல அவசரமாக ஓடு போட்டு, வெடித்த இடங்களில் சாந்து பூசினார்கள். யாரும் மேலே ஏறி ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஊரில் கூரை இருப்பதே பெரிய விசயமாக இருந்த காலம்.

பிறகு சில நல்ல வருசங்கள் போயின. தூண்களிலிருந்து பாட்டு வந்தது. ஆலாபனையில் பாடுகிறவர் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. காலிதீன் ஒரே கதிரையில், ஒரே இடத்தில், காலை மடித்து உட்கார்ந்து கேட்டார். அதனால் இடுப்பு வலி வந்தது. அது வேறு கதை.

எண்பத்திரண்டில் றபீக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை றஸாக் குவைத்தில் வேலை, லீவில் வந்திருந்தான். அவனுடைய உம்மா றஹீமா, வழக்கப்படி வீடு பார்க்க வந்தாள். குசினியைத் திறந்து பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், கடைசியில் முன் ஹோலில் நின்றாள்.

"இதென்ன புள்ள, நடு ஹோலுக்குள்ள நெல்லுப் பட்டறை கட்டிரிக்கீங்க? நெல்லு எங்கால கொட்டுற?"

"நெல்லில்ல மச்சி. அவர் பாட்டுக் கேக்கிறது" என்றாள் சுபைறா.

"பாட்டுக்கு இவ்வளவு கல்லா?"

"உள்ளுக்கு மண்ணும் கிடக்கு."

றஹீமா தூணைச் சுற்றி வந்தாள். "என்ட மகன் அலுமாரி, சோபா எல்லாம் எடுக்கப் போறான். கசெட் செட்டும் வந்திரிக்கு, கையில தூக்கலாம். இத எங்க வெச்சிச் சோபாவ எங்க போடுற? ரெண்டையும் எடுத்துத் தாங்க. மறுகா நாள் குறிப்பம்."

எல்லோரும் காலிதீனைப் பார்த்தார்கள். செங்கல் ஏன் ஆடாது என்பதைப் பற்றி அவரிடம் சொல்ல நிறைய இருந்தது. சுபைறாவின் முகத்தைப் பார்த்தார். "ஓம்" என்று தலையாட்டினார்.

அவர்கள் போன பிறகு குசினிக் கதவில் சாய்ந்து நின்றார்.

"நான் கட்டினதுதானே, புள்ள."

"கட்டினது நீங்க. வீடு ஆர்ர?"

"ஒன்ட."

"இல்ல. இப்ப அது றபீக்காட."

உள்ளேயிருந்து றபீக்கா, "எனக்குத் தூண் கிடந்தாலும் காரியமில்ல வாப்பா. மாமிக்குத்தான் காரியம்" என்றாள்.

"நீ சும்மா இரி. கலியாணம் கல்லில முட்டி நிக்கக்கூடாது" என்றார் காலிதீன்.

பின்வளவில் தங்களுக்காகக் கட்டிய சின்ன வீட்டில் பலகைப் பெட்டி செய்து வைத்துப் பார்த்தார். பலகை நன்றாகப் பாடியது. பாடகர் எங்கோ கிணற்றுக்குள் நின்றார். காலிதீனுக்குச் சோறு இறங்கவில்லை. சுபைறா சீரகம் அவித்துக் கொடுத்தாள். மனக்கவலைக்குச் சீரகம் ஒன்றும் செய்யாது, ஆனால் வயிறு நன்றாகப் போனது.

உடைக்கும் நாள் குணம் வந்தான்.

"நான் கட்டினத நானே உடைக்கணுமா காக்கா? வேற மேசன் கிடைக்கல்லையா?"

"உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு ஒனக்குத்தானே தெரியும்."

காலிதீன் ஸ்பீக்கர்களைக் கழற்றிப் பாயில் கிடத்தினார். வெளியே போக நினைத்தவர் போகவில்லை. குணம் ஏணியில் ஏறி, தூணின் தலைப்பில் சாந்தைக் கொத்தினான். கொஞ்சம் கொத்திவிட்டு நிறுத்தினான். உளியால் அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தான்.

"காக்கா, கூரையத் தாங்குற இந்தத் தீராந்தி மரம் எதுக்கு மேல கிடக்கு?"

"சுவருக்கு மேல."

"சுவர் சூறாவளியிலயே வெடிச்சிரிக்கு. நீங்க பூசின சாந்துதான் நிக்குது. தீராந்தி ரெண்டும் சறுக்கி வந்து தூணுக்கு மேல குந்திரிக்கு. இதில ஒரு கல்ல எடுத்தா நாம எல்லாரும் கூரைக்குக் கீழ."

காலிதீன் ஏணியில் ஏறிப் பார்த்தார். இறங்கினார். மறுபடியும் ஏறிப் பார்த்தார். சந்தோசப்படுவது சரியா என்று அவருக்குத் தெரியவில்லை; கூரை விழ இருந்த விசயம் அல்லவா.

றஹீமாவுக்கு ஆள் போனது. அவள் குடையோடு வந்து மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"இத உடைக்க வழியில்லையா தம்பி?"

"வழி இரிக்கு. கூரைய முட்டுக் குடுத்து நிறுத்திட்டு, இத உடைச்சிட்டு, வேற தூண் கட்டலாம்."

"எங்க கட்டுற?"

"இந்த இடத்திலதான். தீராந்தி இஞ்சதானே கிடக்கு."

றஹீமா குடை நுனியால் தூணைத் தட்டினாள். "தூண உடைச்சிட்டு அதே இடத்தில தூண் வைக்கிறதா?"

"ஓம்."

"அப்ப இதே நிக்கட்டும்" என்றாள். போகும்போது வாசலில் திரும்பினாள். "அந்த ஓட்டைகள மட்டும் அடைச்சிருங்க. பூச்சி பொட்டுப் பூரும்."

அவள் குடை தெரு முனையில் மறைந்ததும் குணம் காலிதீனைப் பார்த்தான். "எதால அடைக்கிறெண்டு மாமி சொல்லல்ல."

காலிதீன் பாயில் கிடந்த ஸ்பீக்கர்களை எடுத்து இரண்டு ஓட்டையையும் அடைத்தார். திருகாணிகளை இறுக்கினார். ஒரு பூச்சியும் போக இடமில்லை. சுபைறா அதன் மேல் கதவுத் திரைச்சீலையின் மிச்சத் துணியைத் தைத்துப் போட்டாள்.

கலியாணம் நடந்தது. சோபாவுக்கும் இடம் இருந்தது; தூண்களுக்கு நடுவில் சரியாக நின்றது. றஸாக் அம்பிளிபயரின் மேல் கையைக் காட்டிப் பார்த்து, "சூடா இரிக்கே மாமா" என்றான். "அது அப்படித்தான் மருமகன்" என்றார் காலிதீன். அவர்களுக்குள் இசையைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான். லீவு முடிந்து அவன் குவைத்துக்குப் போனான்.

காலிதீனும் சுபைறாவும் பின்வளவுக்கு மாறினார்கள். அம்பிளிபயர் தூண்களோடு முன்வீட்டில் நின்றது. றபீக்கா வீட்டுக்காரியாகிச் சட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகும், மற்ற நாளில் மாலை அசர் தொழுகைக்குப் பிறகும் வாப்பா வரலாம். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள்.

காலிதீன் முன்வாசலால் வந்து ஸலாம் சொல்லி, கேட்டுத்தான் உட்காருவார். சுவிச்சைப் போட்டுவிட்டு வால்வு சிவக்கும்வரை காத்திருப்பார். அந்த நேரத்துக்குள் றபீக்கா தேத்தண்ணீர் கொண்டுவருவாள், கோப்பையும் சோசருமாக, பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட். இத்தனை வருசம் அந்த வீட்டில் குடும்பம் நடத்தியவருக்கு யாரும் சோசரில் தேத்தண்ணீர் கொடுத்ததில்லை. விருந்தாளியாகிவிட்டால் கிடைக்கிறது.

சின்ன மகளுக்கும் வீடு வேண்டும் என்று அடுத்த வருசம் பக்கத்து வளவில் அத்திவாரம் வெட்டினார்கள். காலிதீன் படம் கீறினார். கீறிய படத்தைக் குணம் நேரே சுபைறாவிடம் கொண்டுபோனான்.

"ராத்தா, ஒரு சுவர் வழமைய விடத் தடிப்பாக் கிடக்கு. கட்டவா?"

சுபைறா படத்தை வாங்கிப் பார்த்தாள். பின்வளவுப் பக்கம் திரும்பினாள். அங்கே காலிதீன் வேலியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"கட்டு தம்பி. ஆனா அதுக்கு மேல தீராந்தியும் வெச்சிரு. மறுகா ஆரும் உடைக்கச் சொல்லேலாது."