பானை ஏறினால் நான் ஏறமாட்டேன்

டென்மார்க்கின் வைலே நகரத்து மேட்டுத் தெருவில், அடுக்கடுக்காக நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்றில், அந்த ஞாயிறு மத்தியானம் ஒரு பெண்ணின் விடுமுறை பங்குபோடப்பட்டுக்கொண்டிருந்தது. பங்குபோட்டவர்கள் வரவேற்பறைச் சோபாவில் இருந்தார்கள். விடுமுறைக்குச் சொந்தக்காரியோ குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் ராசமலர். இருபத்துமூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து மணமகளாக வந்திறங்கியவள். முதலில் மீன் ஆலையில் குளிரில் நின்றாள். பிறகு டெனிஷ் படித்து, வயோதிபர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். போன கோடையில் இல்லத்து முதியவர்களை மினிபஸ்ஸில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வடமேற்குக் கரையிலுள்ள தியூ தேசியப் பூங்காவுக்குப் போனாள். மணல்மேடுகள், ஊதாப்பூ பூத்த பற்றைகள், அவற்றுக்கு அப்பால் இரைந்துகொண்டே இருக்கும் கடல்! முதியவர்களுக்குத் தொப்பி போட்டு, சக்கர நாற்காலிகளை மணலில் தள்ளி முடிப்பதற்குள் திரும்பும் நேரமாகிவிட்டது. 'இன்னொரு தடவை வருவேன். அப்போது யாருக்கும் வேலைக்காரியாக வரமாட்டேன்' என்று அந்தக் கடலுக்கு அவள் மனதுக்குள் சொல்லிவிட்டு வந்தாள்.

சொன்னபடியே ஓர் ஓட்டோகேம்பரை வாடகைக்குப் பதிந்தாள். சக்கரம் பூட்டிய சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அவளும் கணவன் நித்தியானந்தனும் மட்டும் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் நித்தியானந்தன், விபோர்க் நகரில் இருக்கும் தங்கை சுஜீதாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, வாகனத்தில் நாலு பேர் படுக்கலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு "நீங்களும் வாங்கோவன்" என்று கேட்காமல் விடமுடியுமா? இனசனத்துக்குக் காலியாக இருக்கும் இடத்தைக் காட்டிவிட்டுத் தனியாகப் போவது நம்மவர்களிடையே கொலைக்குச் சமமான குற்றமல்லவா?

ஆகவேதான் சுஜீதாவும் அவள் கணவர் சண்முகலிங்கமும் இன்று திட்டம் போட வந்திருந்தார்கள்.

"மச்சான், இந்த வாகனம் தாங்குற பாரம் கொஞ்சந்தானாம். வாடகைக்குக் குடுக்கிறவை சொல்லிப்போட்டினம். எதையாவது குறைக்கவேணும்," என்றார் சண்முகலிங்கம்.

"சைக்கிளை விடுவம்."

"அதை எப்பவோ விட்டாச்சு. இன்னும் காணாது."

"அப்ப பெரிய பானையை விடுவமோ?" என்று நித்தியானந்தன் மெல்லக் கேட்டார்.

"ஐயோ அண்ணை!" சுஜீதா துடித்துப்போனாள். "பானை இல்லாமல் சோறு எதுக்குள்ள அவிக்கிறது? புட்டுக்குழலும் வேணும். மச்சாளின்ரை ஆட்டிறைச்சிக் கறிக்காகத்தானே இவர் லீவே எடுத்தவர்!"

"அதுசரி, இந்த மடக்குக் கதிரை ஆரின்ரை?" என்று சண்முகலிங்கம் சாமான் பட்டியலைப் பார்த்துக் கேட்டார்.

"அது மலரின்ரை. கடற்கரையில இருக்கவெண்டு வாங்கினவள்."

சண்முகலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். "மலரக்கா எங்க இருக்கப்போறா? அவவுக்கு அடுப்படியில நிக்கவே நேரம் காணாது! பட்டியலில கதிரையை வெட்டு மச்சான்."

எல்லாரும் சிரித்தார்கள். நித்தியானந்தனும் சிரித்தார். "சரி, கதிரையை விடுவம்," என்றார்.

குசினியில் ராசமலரின் கை நின்றது. முன்பொரு விடுமுறைக்குச் சுவீடனுக்குப் போனபோது இவர்கள் ஏரியில் படகு விட்டார்கள். அவளுக்குச் சுவீடன் என்றால் ஒரு மரக் குசினி. நோர்வே என்றால் பற்றவே மறுத்த ஓர் அடுப்பு. போன நாடுகளிலெல்லாம் அவள் கண்டது குசினிச் சுவர்களைத்தான். இத்தனை வருடமும் விழுங்கிய விழுங்கல்கள் அத்தனையும் அன்று தொண்டைக்கு வந்தன. பாதி வெந்த வடைகளை எண்ணெயிலேயே விட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வரவேற்பறை வாசலில் வந்து நின்றாள்.

"பானை ஏறினா நான் ஏறமாட்டன்."

"என்ன மலர், பகிடி விடுறியே?" என்றார் கணவர்.

"பகிடி விட்டது நீங்கள். நான் உண்மையாத்தான் சொல்றன்."

சுஜீதாவின் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. "பாத்தியளே அண்ணை! எங்களை வரவேண்டாமெண்டு முகத்துக்கு நேர சொல்றா."

"வாங்கோ சுஜீதா, ஆர் வேண்டாமெண்டது? கையை வீசிக்கொண்டு வாங்கோ. பாண் இருக்கு, பட்டர் இருக்கு, வழி நெடுகக் கடை இருக்கு."

"பாண் திண்டுகொண்டு கடல் பாக்க நான் என்ன வெள்ளைக்காரனே?" என்று சீறினார் சண்முகலிங்கம்.

"சோறு வேணுமெண்டா நீங்கள் அவியுங்கோ. கடவுள் உங்களுக்கும் ரெண்டு கை தந்திருக்கிறார்தானே!"

தேத்தண்ணீர் ஆறிக் கிடக்க, அவர்கள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

அடுத்த கிழமை முழுவதும் தொலைபேசிதான். அல்பர்ட்ஸ்லுண்ட் நகரிலிருந்து நித்தியானந்தனின் பெரியம்மா அழைத்தார்.

"ஏன் பிள்ளை குடும்பத்தைப் பிரிக்கிறாய்?"

"நான் குடும்பத்தைப் பிரிக்கேல்லை பெரியம்மா. சமையலைத்தான் பிரிக்கிறன்."

நித்தியானந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஒருநாள் பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. ஒரு சொல்லு மன்னிப்புக் கேளன், எல்லாம் சரிவரும்."

"என்ன பிழைக்கு?"

அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

"நீங்கள் வராட்டி நான் தனியப் போவன்," என்றாள் ராசமலர்.

"உனக்குப் பைத்தியமே? உவ்வளவு பெரிய வாகனத்தை எப்படி ஓடுவாய்?"

"எட்டுக் கிழடுகளை ஏத்தி ஓடுறன். ஒரு கட்டிலை ஏத்தி ஓட ஏலாதே?"

பயண நாள் காலையில் அவளே போய் வாகனத்தை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினாள். நித்தியானந்தன் வாசல் படலையடியில் நின்றார். காலடியில் பயணப்பை. இரு கைகளிலும், கைக்குழந்தையை ஏந்துவதுபோல, அந்தப் பெரிய பானை!

"இதை மட்டும் ஏத்துவம் மலர். ஒண்டும் சமைக்கவேண்டாம். சும்மா இருக்கட்டும்."

"சும்மா இருக்கிற பானையை நான் இன்னும் காணேல்லை."

அவர் அசையவில்லை. எதிர்வீட்டு டெனிஷ்காரர் பூஞ்செடிகளுக்கு நீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ராசமலர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். இவர் வராமல் விட்டால்? இத்தனை வருடத் தாம்பத்தியம் ஒரு பானையில் உடைந்தால்? உடைந்தாலும் உடையட்டும்! கண் கலங்கியது, கை கலங்கவில்லை. சாவியைத் திருப்பினாள். வாகனம் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

பக்கக் கண்ணாடியில் அவர் ஓடிவருவது தெரிந்தது. முதலில் பானையோடு ஓடினார். ஓடமுடியவில்லை. திரும்பிப் போய் வீட்டு மதில்மேல் பானையை வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடிவந்தார். தெருமுனை வரும்வரை அவள் பிரேக்கில் கால் வைக்கவில்லை. கதவு திறந்தது. மூச்சிரைக்க ஏறிப் பக்கத்தில் குந்தினார்.

"உண்மையா விட்டிட்டுப் போயிருப்பியோ?"

"ஓம்."

"கொஞ்சம் யோசிச்சாவது சொல்லன்."

"யோசிச்சுத்தான் சொல்றன். பெல்ட்டைப் போடுங்கோ."

விபோர்க்கை நெருங்கும்போது அவருடைய தொலைபேசி அடித்தது. சுஜீதா. ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணை, இஞ்சாலதானே போறியள்? வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ. கோழிக்கறி வச்சிருக்கிறன்." சற்றுத் தயங்கிவிட்டுச் சேர்த்தாள். "மச்சாள் வந்து ரசத்தை மட்டும் பாத்தா காணும். எனக்கு அது சரிவராது."

நித்தியானந்தன் மனைவியைப் பார்த்தார். ராசமலர் வீதியைப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லப்போவதில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. இதைச் சொல்லவேண்டியவர் அவர்தான். தொலைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

"வாறம் சுஜீதா. ஆனா மலர் குசினிக்குள்ள வரமாட்டாள். ரசம் வேண்டாம்."

மறுமுனையில் ஒரு சட்டி டங்கென்று வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப சட்டி பானை எல்லாம் ஆர் கழுவுறது?" என்று வந்தது.

"நான் கழுவுறன். உன்ரை மனிசனையும் நிக்கச் சொல்லு."

"நானோ?" என்று சண்முகலிங்கம் பின்னாலிருந்து அலறியது தெளிவாகக் கேட்டது.

ராசமலர் சிக்னலைப் போட்டு விபோர்க் பக்கம் திருப்பினாள்.

"சாப்பிட்டவுடன வெளிக்கிடவேணும். கழுவி முடியேல்லை எண்டு சாட்டுச் சொன்னா உங்களை அங்கயே விட்டிட்டுப் போடுவன். பொழுதுபடமுதல் நான் கடலுக்குப் போகவேணும்."

இந்தத் தடவை நித்தியானந்தன் அவள் சொன்னதை அப்படியே நம்பினார்.