நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும்

இரும்புலியூரில் கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் வெல்டிங் செய்து பிழைக்கிறவன் நான். பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகக் கற்றது காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதிப்பது ஒன்றுதான். நான் செய்த கேட்டுகள் ஒரு வருடத்தில் லேசாகத் தொங்கும். கொஞ்சம் தூக்கித் தள்ளினால் மூடிக்கொள்ளும். திருடனுக்கு அந்த நுணுக்கம் தெரியாது என்பதால் அதுவும் ஒரு பாதுகாப்புதான் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் ஒரு பாய்மரப் படகு வாங்கினேன். முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு தோட்ட வீட்டுக்குக் கிரில் மாட்டப் போனபோது, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அது கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேர் உட்காரலாம். கேட்டு வாங்கி, ஓட்டை அடைத்து, அங்கேயே கடலையொட்டிய காயலில் இறக்கினேன். ஓட்டப் பழகியது பாதி போனில் வீடியோ பார்த்து, மீதி காயல் தண்ணீரைக் குடித்து. லைஃப் ஜாக்கெட் மட்டும் இல்லையென்றால் இதை எழுத வேறு ஆள் தேட வேண்டியிருந்திருக்கும்.

என் மனைவி பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். வாரம் முழுக்க மாடி ஏறி இறங்கி, "அக்கா, தண்ணி வரலை", "அக்கா, லைட் எரியலை" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாவது யாரும் அவளைக் கூப்பிட முடியாத இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் ஆசை. தண்ணீருக்கு நடுவில் யார் வந்து கூப்பிடுவார்கள்?

ஆனால் அவள் கரையிலிருந்து பார்த்த முதல் நாளே காரியம் கெட்டது. அவளைப் பார்த்துக் கை அசைக்க நான் பாயை இறக்கினேன். படகு நிற்கவில்லை. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய், மீனவர்கள் வலை கட்ட நட்டிருந்த கம்புகளுக்குள் செருகியது. நான் இன்னும் கை அசைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

"இன்னாயா இது, பிரேக் இல்லாத வண்டி?" என்றாள் திரும்பி வந்ததும். "நிக்க சொன்னா நிக்கணும். நின்னா நான் ஏர்றேன். அடுத்த வாட்டியும் நிக்கலைன்னு வெய்யி, வித்துட்டு வேற வேலையப் பாரு."

ஆக எனக்கு ஒரு நங்கூரம் வேண்டும். அவள் தம்பி, அதாவது என் மச்சான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்குத் தெரிந்த பிரேக்கைத்தான் அவன் சொன்னான்.

"மாமா, லாரி பிரேக் டிரம் ஒண்ணு கீது. அத்த கட்டி எறக்கு. யானையே அசையாது."

அவளுக்குத் தெரியாமல் போய் இறக்கிப் பார்த்தோம். யானை அசைந்திருக்காதோ என்னவோ, டிரம் வட்டமானது. காயலின் அடியில் சுகமாக உருண்டு வந்தது. மேலே தூக்குவதற்குள் என் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்புறம்தான் விசாரித்தேன். நங்கூரம் கனத்தால் நிற்பதில்லை, மண்ணைக் கவ்வி நிற்கிறது. பாறை என்றால் நாலு கொக்கி வைத்தது போதும். முட்டுக்காட்டில் அடியில் மணல், மேலே சேறு. அதற்கு அகலமான இரண்டு தகடு வைத்ததுதான் சரி. தகடுகள் தண்டோடு, கதவுக்கு இருப்பதுபோல ஒரு கீலில் இணைந்திருக்கும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். சாய்ந்தால்தான் முனை மண்ணில் குத்தும். இழுக்க இழுக்க உள்ளே போகும்.

கீல் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மார்பு நிமிர்ந்தது. நமக்குத் தெரிந்த ஒரே சாமான்! பட்டறையிலேயே செய்தேன். கயிறு நேராக மேலே இழுத்தால் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும், படுத்தவாக்கில் இழுக்க வேண்டும் என்பதால் கயிற்றை அடியில் படிய வைக்க நடுவில் கனமான ஒரு கேட் சங்கிலியும் சேர்த்தேன். எதிர் வீட்டில் மாடி கட்டக் கொட்டியிருந்த மணலில் அதை வைத்து, கயிற்றை மச்சானின் மொபெட்டில் கட்டினோம். வண்டி உறுமியது. பின் சக்கரம் புழுதி கிளப்பியது. நங்கூரம் மணலுக்குள் காணாமல் போனது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்தார். "என்னங்க, மணல்ல என்ன பண்றீங்க?"

"நங்கூரம் பாய்ச்சறோம் சார்."

"இரும்புலியூர்லயா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் நங்கூரத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். எனக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு காசு முடிந்து அதன்மேல் இறுக்கிக் கட்டினாள். கேளம்பாக்கம் ரோட்டில் மச்சானின் ஆட்டோவில் போகும்போது நங்கூரத்தை மடியிலேயே வைத்திருந்தேன். என் பிள்ளைகளைக்கூட அப்படிப் பிடித்ததில்லை.

அவளும் மச்சானும் கரையில் நின்றார்கள். நான் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி, பாயை இறக்கி, நங்கூரத்தை வீசாமல் மெதுவாக விட்டேன். தண்ணீர் மார்பளவுதான். கயிறு அதைப்போல ஆறு மடங்கு விட்டுக் கட்டினேன். எதிர்க்கரையில் ஒரு பனைமரமும் அதன் பின்னால் செல்போன் டவரும் ஒரே கோட்டில் தெரிந்தன. அவை விலகாமல் இருந்தால் படகு நகரவில்லை என்று அர்த்தம்.

விலகின. முதலில் மரியாதையாக, பிறகு வேகமாக. கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். ஜல்லி ரோட்டில் ஆட்டோ போவது போல் அதிர்ந்தது.

கரையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா வாயில் கை வைத்தார். "தோ பாரு, ஏர் உழுதுகினு வருது! யோவ் அண்ணா, எங்க வலையாண்ட வராதே, சொல்ட்டேன்!"

எடுத்து மறுபடி போட்டேன். மறுபடி உழுதது. என் மனைவி கையைக் கட்டிக்கொண்டாள். விடுதிப் பையன்கள் நடுங்குவது இதற்குத்தான்.

மணலில் மொபெட்டையே நிறுத்திய நங்கூரம் இங்கே ஏன் வழுக்குகிறது? படகுக்குள் இழுத்துப் போட்டுப் பார்த்தேன். அதன் உடம்பெல்லாம் சேறு. முனையில் மட்டும் சேறே இல்லை, தேய்ந்து பளபளவென்று இருந்தது. குத்தவே இல்லை. தகட்டை அசைத்தேன், அசையவில்லை. மஞ்சள் துணி கீலின் மேல் சுற்றி, ஈரத்தில் இறுகிக் கிடந்தது. சாமி துணி கட்டும்போது நான் பக்கத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றவன்.

"இன்னாமே, நீ கட்னது கீலுல மாட்டிகிச்சு. அவுத்துடட்டா?"

"கைய வெக்காதே! நேந்துகினு கட்னது. நான்தான் அவுக்கணும்."

"அப்போ வா."

மச்சான் நல்லவன், ஆனால் நேரம் தெரியாதவன். "மாமா, நங்கூரத்த கரைக்கு எத்துகினு வந்தா அக்கா இங்கயே..." நான் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கினான்.

அவளுக்கும் அது தெரியாமலா இருக்கும்? முழங்கால் ஆழம் வரை படகைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், படகில் காலியாகக் கிடந்த இன்னொரு லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். படகு விளிம்பில் உட்கார்ந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். தகடு இரண்டு பக்கமும் டக் டக்கென்று சாய்ந்தது. துணியைப் பாய்மரத்தின் அடியில் கட்டினாள்.

இறங்குவாள் என்று கை கொடுத்தேன். கையைத் தட்டிவிட்டு ஜாக்கெட்டை மாட்டினாள்.

"இப்ப போடு. நானே பாக்குறேன்."

நடுவே போய் மறுபடி இறக்கினோம். கயிறு ஓடியது, கட்டினேன். படகின் மூக்கு வெடுக்கென்று ஒரு முறை தலையாட்டி நின்றது. அவள் கையைக் கயிற்றின் மேல் வைத்தேன். அதிர்வே இல்லை, விறைப்பாக இருந்தது. பனைமரமும் டவரும் ஒட்டிக்கொண்டு நின்றன.

அவள் வெகு நேரம் அவற்றையே பார்த்தாள். கரையில் மச்சான் என்னவோ கத்தினான், கேட்கவில்லை. அவள் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன், என் கணக்கில் அது பெரிய சாதனை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, தூரத்தில் தெரிந்த ரோட்டுப் பாலத்தைக் காட்டினாள்.

"சரி, நின்னுச்சு. அந்தப் பாலத்தாண்ட இன்னா கீது?"

"தெரியாது. நான் அவ்ளோ தூரம் போனதில்ல."

"எடுயா இத்த, போலாம்."

இழுத்தேன், வரவில்லை. அத்தனை ஆழமாகக் கவ்வியிருந்தது. படகை அதன் நேர் மேலே கொண்டுவந்து நெட்டுக்குத்தாக இழுத்தால்தான் விடும். அவளும் எழுந்து வந்து என் பின்னால் கயிற்றைப் பிடித்தாள்.

"சாஞ்சி இழுயா, சும்மா தொங்கற கேட்ட ஆட்ற மாதிரி ஆட்டாதே!"

சேறு எங்கள் இருவர் முகத்திலும் தெறிக்க, நங்கூரம் மேலே வந்தது. காற்று பாலத்தைப் பார்த்துத்தான் அடித்துக்கொண்டிருந்தது.