பத்தாவது நாற்காலி

பதினான்காவது கேள்வியில் நான் மாட்டிக்கொண்டேன். அரங்கில் சராசரியாக எத்தனை விழுக்காடு இருக்கைகள் நிரம்புகின்றன என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அண்ணி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நூறுன்னு போடுங்க தம்பி" என்றார்.

கலை அமைப்புகளைத் திறம்பட நடத்துகிறவர்களுக்கு நகராட்சியின் கலைமன்றம் ஆண்டுதோறும் கொடுக்கும் விருதுக்கான விண்ணப்பம் அது. மாடி அரங்கத்தின் குழு ஒருமனதாக அண்ணியின் பெயரைச் சொல்லியிருந்தது. இந்த ஊர்ப் பேச்சு அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதினேழு வருடம் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவர் அல்லவா. எழுத்துதான், அதிலும் கட்டம் கட்டமாக நிரப்பும் எழுத்துதான், ஒத்துவராது. நான் இரண்டு மொழியில் படித்த பாவத்துக்கு வீட்டுக்கு வரும் எந்தப் படிவமும் என் முன்னால்தான் வந்து விழும். நிரப்பும்போதெல்லாம் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போலவே இருக்கும். வந்தேறிய ஊரில் ஒரு தப்பான எண் எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது.

"நூறா அண்ணி? ஒரு நாள்கூட காலி இல்லையா?"

"காலி நாற்காலியை என் அரங்கத்துல பார்த்தேன்னு ஒருத்தரைச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் மாத்தலாம்."

அப்படி ஒருத்தரும் இல்லை என்பது எனக்கே தெரியும். நூறு என்று எழுதினேன். இருக்கைகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நூற்று இருபது என்றும் எழுதினேன். இரண்டுமே உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மட்டும், அடுத்த கட்டத்துக்குப் போகாமல் இன்னொரு முறை படித்தேன்.

மாடி அரங்கம் என்பது ஓர் அச்சகத்துக்கு மேலே இருக்கும் நீண்ட ஒற்றை அறை. ஏறிப்போக இருபத்திரண்டு படி. மாலை ஆறு மணிக்குக் கீழே இயந்திரங்கள் நிற்கும். அதுவரை தரையில் ஓடிக்கொண்டிருந்த மெல்லிய நடுக்கம் அடங்கும்போது, கப்பல் கரையில் வந்து நின்றதுபோல் அறை ஒரு மூச்சு விடும். மேற்கே நான்கு உயரமான சன்னல்கள். அந்த நேரத்து வெளிச்சம் மரத்தரை முழுக்கத் தேன் நிறத்தில் படர்ந்து கிடக்கும். தரையில் வேறு எதுவும் இருக்காது. ஒரு நாற்காலிகூட.

எல்லாம் பின்னறையில் இருக்கும். மருத்துவமனையில் பழைய மர மடக்கு நாற்காலிகளைக் கழித்துக்கட்டியபோது அண்ணி கேட்டு வாங்கியவை. அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். லிஃப்டில் சாமான் ஏற்றும்போது சுவர் கீறாமலிருக்கத் தொங்கவிடும் தடித்த கம்பளியில் தேய்ந்துபோனதை வெட்டி, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒட்டினார். நானூற்று எண்பது கால். "எனக்குச் செருப்பு வாங்கி மூணு வருஷம் ஆச்சு, இதுங்களுக்கு நாலு நாலு" என்று அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணி வாசலில் நிற்பார். படியேறி வருகிறவரிடம் ஒரே கேள்வி கேட்பார்: காதுக்கா, கண்ணுக்கா? கேட்க வந்தவர் என்றால் சுவரோரம், ஒலி வந்து தங்கும் இடத்தில் நாற்காலி வரும். பார்க்க வந்தவர் என்றால் முன்னால், கொஞ்சம் சாய்வாக. அச்சகத்தில் பிழை திருத்துபவருக்கு இடது காது மந்தம். அவரிடம் கேள்வியே கிடையாது, நேராக இடது ஓரம். இருவர் வந்தால் இரண்டு நாற்காலி, நாற்பது பேர் வந்தால் நாற்பது. கடைசி நாற்காலி வைத்தானதும் விளக்கு இறங்கும். மேடைக்கு வருகிறவர் கண்ணில் படுவதெல்லாம் மனிதர்கள்தான்.

தலைமை என்று விருதுக்காரர்கள் எதைச் சொல்கிறார்களோ தெரியாது. குழுவில் ஐந்து பேர். அவர்களில் இருவருக்குள் பேச்சு முறிந்தால் அடுத்த மூன்று நிகழ்ச்சிக்கும் நாற்காலி தூக்கும் முறை அந்த இருவருக்குத்தான். பின்னறைக் கதவு குறுகலானது. ஒருவர் சொல்லாமல் மற்றவர் திரும்ப முடியாது. மூன்றாவது நிகழ்ச்சிக்குள் "கொஞ்சம் இடது பக்கம்" என்றாவது பேசிவிடுவார்கள். வாழ்த்துரை ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பேசுகிறவருக்காகப் போட்ட நாற்காலி மட்டும் சத்தமில்லாமல் பின்னறைக்குத் திரும்பிவிடும். கலைஞர்கள் நாற்காலியக்கா என்று பெயர் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் ஒரு மருந்துக்கடைக்காரரால் வந்தது. நல்ல கீழ்க்குரல் அவருக்கு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நகர மன்றத்துப் பெரிய அரங்கில் முதன்முதலாகப் பாடினார். அறுநூறு இருக்கை, வந்தது முப்பது பேர். மூலைக்கு ஒருவராகச் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். அந்த முப்பதில் ஒருவர் அண்ணி. பாடி முடித்தவர், நாற்காலிகளுக்குப் பாடிவிட்டு வருகிறேன் என்று கடையில் சொன்னாராம். அதன்பின் பாடவில்லை. மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அண்ணி அவர் முகத்தைப் பார்ப்பார். மருத்துவமனையில் பார்த்துப் பழகிய ஒன்றுதான் அது: தனியாக வந்தவரைச் சுற்றிக் காலி இருக்கைகள் இருந்தால் அவருக்கு நோய் கூடிவிடும். ஒரு வருடம் கழித்து, நகராட்சியைக் கெஞ்சி வாங்கிய மாடியில் பதினொரு நாற்காலி போட்டு அவரைப் பாட வைத்தார்.

விண்ணப்பம் போய் ஆறு வாரத்தில் கடிதம் வந்தது. அண்ணியின் பெயர் கடைசிச் சுற்றுக்கு வந்திருக்கிறது, ஆனால் பதினான்காம் பதில் நம்பும்படியாக இல்லை, நடுவர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்றது. கீழே ஒரு வரி: தகவல் பொய்யென்று தெரிந்தால், மாடியைப் பயன்படுத்த அளித்திருக்கும் அனுமதியும் மறுபரிசீலனைக்கு வரும்.

கடிதத்தை வரி வரியாக இன்னொரு முறை படித்தேன். எழுதியது என் கை. படித்துச் சொன்னபோது அண்ணன் மட்டும், "போச்சு, நானூத்தி எண்பது காலையும் வீட்டுக்குள்ள கொண்டாந்து எங்க நிறுத்துறது?" என்றார். அண்ணி கடிதத்தை வாங்கி, அந்தக் கடைசி வரி இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று அவர் இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர், தெரியாதவர், வேலையிடத்துக்காரர் என்று எல்லோருக்கும் தொலைபேசியில் சொன்னேன். எழுபது பேர் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். நடுவர் வரும் நாளில் பாடவிருந்தவர் மருந்துக்கடைக்காரர். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் அண்ணிக்கு அது தெரிந்துவிட்டது.

"யாரு பாடுறாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணி. வந்து உட்காருவாங்க."

"அப்ப அது கூட்டம், தம்பி. அந்த மனுஷன் கண்ணைத் திறந்து பார்த்தா எழுபது பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துட்டு இருப்பாங்க. அதுக்கு நாற்காலியே பரவாயில்ல. வேணாம்னு சொல்லிடுங்க."

"மாடி போயிடும் அண்ணி."

"தெரியும்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதுக்காக அவரை ஏமாத்தி வச்சுக்கவா?"

எழுபது பேருக்கும் திரும்பச் சொன்னேன். போதாக்குறைக்கு மறுநாள் மத்தியானத்திலிருந்து மழை.

நடுவர் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். சாம்பல் நிற மேலங்கி, நீர் சொட்டும் குடை, கையில் சிறிய குறிப்பேடு. இருபத்திரண்டாவது படியில் நின்று வெறும் தரையைப் பார்த்தார். அறையில் மழை வெளிச்சம் மீன்தொட்டிக்குள் போலப் பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. நூற்று இருபது இருக்கை எங்கே என்று அவர் கேட்கும் முன்பே அண்ணி தன் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"காதுக்கா, கண்ணுக்கா?"

"இரண்டுக்கும் இல்லை. நான் எண்ண வந்திருக்கிறேன்."

அண்ணி ஒரு நொடி யோசித்தார். பிறகு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பின்னறைக் கதவை ஒட்டிப் போட்டார். "இங்க உட்காருங்க. வெளிய வர்ற ஒவ்வொண்ணும் உங்க முழங்காலைத் தாண்டித்தான் போகணும்."

பிழை திருத்துபவர் வந்தார். வயலின் ஆசிரியை வந்தார். நனைந்த காலணியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஒரு கணவன் மனைவி. பின்னால் இன்னும் நான்கு பேர். ஒவ்வொருவர் வந்தபோதும் நடுவரின் பென்சில் அசைந்தது. நடுவரோடு சேர்த்து ஒன்பது. அண்ணி வாசலில் இன்னும் கொஞ்சம் நின்றார், மழைக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்ப்பவர்போல. பிறகு விளக்கை இறக்கினார்.

மருந்துக்கடைக்காரர் பாடினார். அன்று அவர் பாடியதை எப்படிச் சொல்வது? குரல் எங்கிருந்தோ கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவதுபோல் மெதுவாக வந்தது. மழை அதற்கு இடம் விட்டு விலகிப் பெய்தது. கொஞ்ச நேரத்தில் சன்னல்கள் எங்கே முடிகின்றன, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போயிற்று. என் சின்ன வயதில் பேருந்தில் தூங்கியபடி போன ஏதோ ஒரு பயணம், இறங்கவேண்டிய இடம் வராமலே இருக்கட்டும் என்று நினைத்தது, அப்படியே வந்து, சுவரில் சாய்ந்திருந்த என் பக்கத்தில் நின்றது. படிவம், கடிதம், கடைசி வரி எல்லாம் வேறு யாருக்கோ நடந்தவை போலிருந்தன.

பாட்டு முடிந்து விளக்கு ஏறியது. யாரும் உடனே எழவில்லை. நடுவர்தான் முதலில் அசைந்தார். குறிப்பேட்டைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், பென்சில் முனையால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

"நான் ஒன்பது எழுதியிருக்கிறேன். பத்து பேர் உட்கார்ந்திருக்கிறோம்."

வலது சுவரோரம், சீருடை மாற்றாத செவிலி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் வந்தாராம். அவருக்கான நாற்காலியை அண்ணன் எடுத்துக்கொடுக்க, அண்ணி தூக்கிக்கொண்டு நடுவரின் முழங்காலை உரசாத குறையாகத் தாண்டிப் போயிருக்கிறார்.

"இந்த நாற்காலி எப்போது வந்தது?" என்று கேட்டார் நடுவர். குரலில் கோபம் இல்லை. தூங்கி எழுந்தவர் நேரம் கேட்பது போலிருந்தது.

"நீங்க கண்ணை மூடியிருந்தீங்க" என்றார் அண்ணி.

நடுவரின் முகம் சிவந்தது. எழுந்து பின்னறைக்குள் போனார். நானும் பின்னால் ஓடினேன். மடித்துச் சாத்திய நூற்றுப் பத்து நாற்காலிகளும் மங்கலில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. நூற்று இருபதுக்குப் பத்து என்றால் எட்டு விழுக்காடு அல்லவா என்றார் நடுவர்.  அண்ணி நிதானமாக, அந்த நூற்றுப் பத்தும் இன்னும் யாருக்கும் நாற்காலி ஆகவில்லை, இப்போதைக்கு வெறும் மரம் என்றார். பிறகு கதவை உட்பக்கம் தெரியும்படி இழுத்துக் காட்டினார்.

கதவின் பின்புறம் முழுக்கச் சுண்ணக்கட்டி எண்கள். பதினொரு வருடத்து மாலைகள். ஏழு. முப்பத்தொன்று. ஐம்பத்தாறு. ஓரிடத்தில் நூற்று இருபது, பக்கத்தில் 'பெஞ்சும்' என்று ஒரு சொல். ஓரிடத்தில் வெறும் இரண்டு. நடுவர் அந்த இரண்டின் மேல் விரல் வைத்தார்.

"அன்னிக்கும் மழை" என்றார் அண்ணி. "அவருக்கு அன்னிக்கு ரொம்ப நல்லா பாட்டு வந்துச்சு." கீழே இருந்த சுண்ணக்கட்டியை எடுத்துப் பத்து என்று எழுதினார். "நான் பொய் சொல்லல. நான் சொன்னபடி தம்பி எழுதினார், அவ்வளவுதான். நூறு தப்புன்னா அடிச்சிட்டு இதைப் போட்டுக்கங்க. இதுல எனக்கு ஒரு வெட்கமும் இல்ல. மாடியை மட்டும் எடுத்துக்காதீங்க."

 நடுவர் கதவு எண்களை வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தார். போகும்போது குடையை மறந்துவிட்டு, பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தார்.

விருது அண்ணிக்கே வந்தது. காரணம் என்ற இடத்தில் நடுவர் எழுதியதை விழாவில் வாசித்தார்கள்: "எண்ணுவதற்காகப் போனேன். ஒன்பது என்று எழுதினேன். அது தவறு." மாடிக்கான அனுமதி இன்னும் ஐந்து வருடத்துக்கு என்ற கடிதத்தைத்தான் அண்ணி கைப்பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார்த்தார்.

விழா நடந்தது அதே பெரிய அரங்கில். அறுநூறு இருக்கை, நூறு பேர் இருந்தால் அதிகம். ஆள் எழுந்ததும் தானாக மடிந்துகொள்ளும் இருக்கைகள். "பாரு, இதுங்களுக்காவது கூச்சம் இருக்கு" என்றார் அண்ணன். அண்ணி மேடையேறி ஒலிவாங்கி முன்னால் நின்றார்.  சிதறிக் கிடந்த தலைகளை இங்கிருந்து அங்கு பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுதிக் கொடுத்த நன்றியுரை மறந்துவிட்டதோ என்று இருக்கை நுனிக்கு வந்தேன்.

"பின்னாடி இருக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வரீங்களா?" என்றார் கடைசியில். "அவசரம் இல்ல. நான் நிக்கிறேன்."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு சாம்பல் மேலங்கி ஒன்று எழுந்தது. அதன்பின் ஒருவர், இருவர், ஒரு வரிசை. அரை இருட்டில் மனிதர்கள் தண்ணீர் தாழ்வுக்கு ஓடுவதுபோல் மெல்ல இறங்கி வந்து முன்னால் நிறைந்தார்கள். அண்ணி கடைசி ஆள் உட்காரும்வரை பொறுத்திருந்தார். நன்றியுரையை நிஜமாகவே மறந்துவிட்டார். "இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

வெளியே படிக்கட்டில் மருந்துக்கடைக்காரர் எங்களோடு நடந்து வந்தார். பாதி வழியில் நின்று அரங்கைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தா, எனக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும், நாற்காலியக்கா."

"சொல்லியிருந்தா நமக்கு மாடி இருந்திருக்காது" என்றார் அண்ணி. "சனிக்கிழமை நீங்கதான் பாடுறீங்க. நாற்காலி தூக்கவும் உங்க முறைதான், சீக்கிரம் வந்துடுங்க."