மான்களுக்கு நடுவில் நின்றவன்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். லொறி ஓட்டுகிறவனின் நித்திரைக் கண்ணுக்கு ஆயிரம் தெரியும், அதையெல்லாம் கதையாக்கிக்கொண்டு திரிந்தால் பிழைக்க முடியுமா? நீங்கள் இதை நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைக்கு நான் நன்றாக நித்திரை கொண்டு எழும்பி, தேத்தண்ணியும் குடித்திருந்தேன்.

என் தம்பி ஜெராட் சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயதில், மன்னாரில் பேக்கரிக்குப் பாண் வாங்கச் சைக்கிளில் போனவன், திரும்பவில்லை. நவம்பரில் மரித்தவர்களுக்கு வைக்கும் பூசைக்காக நாங்கள் பிறகு வந்து குடியேறிய மொன்றியலில், எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பெயர்களை எழுதி என்வலப்பில் போடுவோம். பதினாறு வருடமாக அம்மா அவன் பெயரை எழுத விடவில்லை. எழுதினால் நாங்களே அவனைக் கொன்ற மாதிரி என்பார். 2006இல் எனக்குப் பொறுக்க முடியவில்லை, காத்திருந்து காத்திருந்து நெஞ்சு புண்ணாகிவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதிப் போட்டுவிட்டு, சாமான் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்கு வெளிக்கிட்டேன்.

என்னோடு மாறி மாறி ஓட்டும் யோகண்ணைக்கு மிருகம் பார்க்கிற விசர். நெவாடாவின் மேட்டுப் பாலைவனத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், விடிந்ததும் லொறியை ஓரங்கட்டி, முக்காலியில் பூட்டுகிற அவருடைய பெரிய தூரநோக்கியில் மான் கூட்டமொன்றைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். மனிதவாடை பட்டாலே பறந்துவிடுகிற மான்கள் அவை. பத்துப் பன்னிரண்டு அமைதியாக மேய்கின்றன, நடுவில் ஒரு ஆள் எங்களையே பார்த்தபடி நிற்கிறான். ஜெராட். தலையை ஒரு பக்கம் சரித்து நிற்கிற அந்த நிலை எனக்கு மறக்குமா?

"அண்ணை, நடுவில ஆர் நிக்கிறது?"

யோகண்ணை குனிந்து பார்த்தார். "மான் மட்டும்தான் நிக்குதடா."

நான் அவன் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன். மான்கள் சிதறிப் போய்விட்டன. கிட்டப் போனால் புதரும் மண்ணும்தான். அதிலேயே இருந்து அழுதேன். ஒருமுறை அவன் கையைப் பிடித்திருந்தால் போதும் என்றிருந்தது, இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

திரும்பி வந்ததும் ஃபாதரிடம் போய் அவன் பெயரை வெட்டுவித்தேன். அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மனம் கேட்டதைக் கண் காட்டியிருக்கிறது என்கிறார் யோகண்ணை. இருக்கலாம். ஆனால் என் மனதில் இருக்கிறவன் மீசை அரும்பிய பெடியன். நான் அன்று பார்த்தவனுக்கு தொப்பை வைத்திருந்தது, காதோரம் நரைத்தும் இருந்தது. செத்தவர்களுக்கு வயது போகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.